கேள்வி நேரம்: பியூகிளே இல்லாத பியூகிள் குழு

(போன இதழில் அமெரிக்காவின் டிரம் அண்ட் பியூகிள் கோர் போட்டிகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். கோர் என்பது கால்பந்து மைதானத்தில் அணிவகுத்துக்கொண்டே பித்தளை ஊதுவாத்தியமும் டிரம்மும் வாசிக்கிற இளைஞர் குழு. வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். ‘கார்ப்ஸ்’ என்று எழுதியவர்களுக்கு: அந்த ‘ப்ஸ்’ வாயைத் திறக்காது, கோர் என்றே சொல்லுங்கள்.)

கேள்வி: என் அக்கா மகன் இண்டியானாவில் படிக்கிறான். இந்தக் கோடையில் ஒரு கோரில் சேர்ந்து டிராம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிக்கிறான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இளவயதில் கோரில் பியூகிள் ஊதியவராம். “டிராம்போன் வந்த அன்றைக்கே டிரம் கோர் செத்துப்போச்சு” என்று அவனிடம் சொல்லிவிட்டார். பையன் முகம் வாடிவிட்டது. அது அங்கே வாசிக்கக் கூடாத வாத்தியமா? – வாசகி, திருச்சி

முதலில் பையனைத் தேற்றுங்கள். அப்புறம் அந்தப் பெரியவரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் சொன்னது புது விஷயமே இல்லை. டிரம் கோர் செத்துப்போன தேதிகள் ஐந்தாறு இருக்கின்றன. எந்த வயதுக்காரரைக் கேட்கிறீர்களோ அதைப் பொறுத்துத் தேதி மாறும்.

ஆதியில் இது படைவீரர்கள் சமாசாரம். முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள், அமெரிக்கன் லீஜன் மாதிரியான சங்கங்களின் கிளைகளில் கூடி, ராணுவத்தில் மிஞ்சிப்போன பியூகிளையும் டிரம்மையும் வைத்து அணிவகுப்புக் குழுக்கள் நடத்தினார்கள், பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆரம்பித்தார்கள். பியூகிள் என்பது வால்வு (விரலால் அழுத்தி ஸ்வரம் மாற்றுகிற விசை) இல்லாத ஒற்றைக் குழல். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் வரவழைக்கிற சில ஸ்வரங்கள்தான் அதன் மொத்தச் சொத்து. அமெரிக்க ராணுவத்தில் வீரரை அடக்கம் செய்யும்போது ஊதுகிற ‘டேப்ஸ்’ நாலே ஸ்வரத்தில் முடிந்துவிடும். மனதைப் பிசையும், சரி, ஆனால் அந்த நாலை வைத்துக்கொண்டு பத்து நிமிட நிகழ்ச்சி நடத்திப் பாருங்கள். அதனால்தான் ஒரு பிஸ்டன் வால்வைப் பொருத்தினார்கள், அதுவும் டிரம்பெட்டில் மாதிரி நிமிர்த்தி வைக்காமல் படுக்கவைத்து. பியூகிள் பியூகிளாகவே இருக்கிறது என்று பாவனை பண்ண அது வசதி என்று எனக்குத் தோன்றும்.

வீரர் சங்கங்களின் விதிகளுக்குள் மூச்சு முட்டிப்போன குழுக்கள் 1972இல் டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கின. 1977இல் இரண்டு வால்வு. 1990இல் மூன்று. மூன்று வால்வு வந்தால் எல்லா ஸ்வரமும் வந்துவிடும், ஆக அன்றைக்கே அது பெயரளவில்தான் பியூகிள். மிச்சமிருந்தது ‘ஜி’ சுருதி மட்டும், 2000இல் அதையும் தளர்த்திவிட்டார்கள், குழுக்கள் பி ஃபிளாட் டிரம்பெட்டுக்குத் தாவின. 2014இல் டிராம்போன், சூசஃபோன், ஃபிரெஞ்ச் ஹார்ன் என்று பித்தளைக் குடும்பம் முழுவதுக்கும் கதவு திறந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் இறுதி மரியாதை செலுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

உங்கள் அக்கா மகன் வரிசையில் கடைசியாக வந்தவன், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் மூன்று வால்வு டிரம்பெட்டைவிட டிராம்போன்தான் பழைய பியூகிளுக்குக் கிட்டத்துச் சொந்தம், வால்வே இல்லை பாருங்கள். ஒரே இடைஞ்சல், நெருக்கமான வரிசையில் ஸ்லைடை (ஸ்வரம் மாற்ற நீட்டிச் சுருக்குகிற குழாயை) நீட்டினால் முன்னே போகிறவன் பிடரியில் இடிக்கும். பெரியவருக்கு ஒரு மருந்து சொல்கிறேன்: அமெரிக்க மரைன் படையின் டிரம் அண்ட் பியூகிள் கோர் இன்னும் இரண்டு வால்வு ஜி பியூகிளைத்தான் ஊதுகிறது, அந்த வீடியோவை எடுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: டிராம்போன் சரியென்றால் சாக்சஃபோனும் கிளாரினெட்டும் என்ன பாவம் செய்தன? கர்நாடக சங்கீதத்தில் நாம் வயலினை ஏற்றுக்கொண்டோம், கத்ரி கோபால்நாத்தின் சாக்சஃபோனையும் ஏற்றுக்கொண்டோம். அமெரிக்கர்களுக்கு மட்டும் மனசு குறுகலா? – வாசகர், கோவை

கேள்வி நல்ல கேள்வி, உதாரணம்தான் இடறுகிறது. கர்நாடக சங்கீதம் என்பது எந்த வாத்தியத்தின் பெயரும் இல்லை. ராகமும் தாளமும் கமகமும் சரியாக வந்தால் எதில் வாசித்தாலும் அது கச்சேரி. டிரம் அண்ட் பியூகிள் கோர் என்பதோ வாத்தியத்தையே பெயராக வைத்துக்கொண்ட கலை. அதிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று அவர்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது.

சாக்சஃபோன், கிளாரினெட் வகைகளைக் கோரில் சேர்க்காததற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் சத்தம். இந்த ஆட்டம் நடப்பது கால்பந்து மைதானத்தில், கேட்பவர்கள் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். டிரம்பெட்டின் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் சத்தம் பாயும், எழுபது எண்பது பேர் ஒரே நேரத்தில் வாயைக் கூட்டத்தை நோக்கி உயர்த்தினால் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதும். கிளாரினெட்டின் சத்தம் துளைகள் வழியாகக் கசிந்து நாலாபக்கமும் போய்விடுகிறது. மழையில் நனைந்தால் மரமும், துளைகளை மூடுகிற பேடும் கெட்டுப்போகும், இவர்களோ கோடை முழுக்கத் திறந்தவெளியில், வெயிலோ மழையோ பயிற்சி செய்கிறவர்கள். ஆனால் 2004இல் மைக்கை அனுமதித்த பிறகு இந்தச் சத்தக் காரணம் பாதி செத்துவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன்.

உண்மையான காரணம் வேறு. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக்குப் பள்ளி மார்ச்சிங் பேண்டு இருக்கிறது, அங்கே புல்லாங்குழல், கிளாரினெட், சாக்சஃபோன் எல்லாம் உண்டு. கோரில் இருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் அந்தப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்தான். பல ஆயிரம் டாலர் கட்டணம் கட்டி, ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து எழுந்து வாசிப்பது, வேறெங்கும் கிடைக்காத ஒரு சத்தத்துக்காக. சாக்சஃபோனைச் சேர்த்தால் அது பள்ளி பேண்டின் இன்னும் பெரிய, இன்னும் செலவான பதிப்பு ஆகிவிடும். கிளாரினெட் பிள்ளைகள் சிலர் மெனக்கெட்டுப் புதிதாகப் பித்தளை ஒன்றைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள், அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நான் பழமைவாதிதான், திட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோர்களில் கார் உதிரிபாகத்தையும் குப்பைத்தொட்டியையும் தட்டுகிறார்களே, அதெல்லாம் வாத்தியமா? – வாசகர், விருதுநகர்

தட்டினால் சத்தம் வருமா? அப்படியென்றால் வாத்தியம். தாள வாத்தியத்தில் எல்லை எப்போதுமே தளர்வுதான். கார் பிரேக் டிரம்மை இரும்புச் சத்தத்துக்காகத் தட்டுவது கோர்களின் கண்டுபிடிப்பும் இல்லை, இசை அரங்குகளிலேயே பழைய வழக்கம். வேடிக்கை என்னவென்றால் அங்கே சண்டை ‘எதைத் தட்டலாம்’ என்பதில் இல்லை, ‘எங்கே வைத்துத் தட்டலாம்’ என்பதில் இருந்தது. 1980களின் தொடக்கம்வரை டிம்பனி என்ற பெரிய கொப்பரை முரசையும், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கிற சைலபோனையும்கூட உடம்பில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள் (தோள்பட்டை என்ன ஆகியிருக்கும்!). அப்புறம்தான் மைதானத்தின் முன்விளிம்பில் கீழே வைக்க விட்டார்கள். அந்த இடத்துக்கு இப்போது ‘பிட்’ என்று பெயர். ‘நடக்காதவன் கோரில் எப்படி?’ என்று அதற்கும் சண்டை போட்டார்கள், இன்று பிட் இல்லாத கோரை யாரும் கற்பனைகூடச் செய்வதில்லை.

கேள்வி: இருபது வருஷமாகத் திருவிழாவுக்கு மைக்செட் போடுகிறேன். போன இதழில் நீங்கள் சொன்ன கோர் வீடியோவில் மைதானத்தின் முன்னால் இத்தனை ஸ்பீக்கர். பின்னால் நிற்பவன் வாசிப்பது எப்படி இதோடு சேரும்? – வாசகர், சேலம்

அனுபவசாலி கேட்ட கேள்வி. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தின் அகலம் ஏறக்குறைய 49 மீட்டர். ஒலி அதைக் கடக்க ஏழில் ஒரு பங்கு நொடி எடுக்கும். வேகமான தாளத்தில் அது ஒரு ஸ்வரத்தையே விழுங்கிவிடும். அதனால் முன்னால் இருக்கிற பிட் ஆட்கள் கண்ணால் பார்த்து வாசிக்காமல், பின்னாலிருந்து டிரம் சத்தம் தங்கள் காதுக்கு வந்து சேரும்போது அதோடு சேர்த்து வாசிப்பார்கள். ‘பின்னால் கேள்’ என்பது அங்கே பால பாடம். ஸ்பீக்கரும் முன்வரிசையில் இருப்பதால் சிந்தசைசர் வாசிப்பவருக்கும் அதே கட்டுப்பாடு.

சிந்தசைசர் 2009இல் வந்தது. இங்கேதான் என் மனசு இரண்டாகப் பிரிகிறது. புளூகோட்ஸ் குழு 2014இல் ‘டில்ட்’ என்ற நிகழ்ச்சியின் முடிவில், பித்தளை வாத்தியங்களும் சிந்தசைசரும் சேர்ந்து மொத்தச் சுருதியையும் வழுக்கிக்கொண்டு கீழே இறக்கினார்கள், மைதானமே சாய்வது போல் இருக்கும். அந்த வருஷம் இரண்டாமிடம்தான் கிடைத்தது, ஆனால் இன்றைக்கும் பேசுகிறார்கள். வால்வு வாத்தியம் மட்டும் வைத்து அதைச் செய்திருக்க முடியாது. இப்படி ஒரு காரணத்துக்காக வந்தால் எந்த மின்சாரப் பெட்டியும் வரட்டும்.

ஆனால் பல குழுக்கள் செய்வது அதுவல்ல. ட்யூபாவுக்கு (தாழ்ந்த சுருதிப் பெரிய பித்தளைக் குழலுக்கு) அடியில் சிந்தசைசரின் கனத்த பேஸைக் குழம்பு மாதிரி ஊற்றிவிடுகிறார்கள். சப்வூஃபர் உறுமுகிறது, கூட்டம் எழுந்து நிற்கிறது, தோளில் ட்யூபாவைச் சுமந்துகொண்டு ஓடி ஓடி ஊதிய பிள்ளையின் சத்தம் அதில் கரைந்துபோகிறது. டிராம்போன் யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. இந்த பேஸ் பிடுங்குகிறது. பெரியவர்கள் கோபப்பட வேண்டுமென்றால் இதற்குப் படட்டும், நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன். உங்கள் தொழிலில் சொன்னால், வித்வான் வாசிக்கும்போது ஃபேடரை ஏற்றுவது வேறு, கேசட்டைப் போட்டுவிடுவது வேறு. உங்களுக்குத் தெரியாததா.

கேள்வி: ஒரு கோருக்கு நாதஸ்வரமும் தவிலும் அனுப்பி வைத்தால் சேர்த்துக்கொள்வார்களா? – வாசகி, கும்பகோணம்

தவில் தட்டுகிற வாத்தியம், அதனால் உள்ளே போய்விடும். நாதஸ்வரம் மரக்குழல், சீவாளி வைத்து ஊதுவது, அதனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இத்தனைக்கும் மைக்கே இல்லாமல் ஸ்டேடியத்தின் கடைசி வரிசைவரை கேட்கிற மர வாத்தியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். மேலே கோவைக்காரருக்குச் சொன்ன பதிலை அவர் இன்னும் படிக்காமல் இருந்தால் தேவலை.