ஏழு ஆண்டுத் தொழிற்சாலை அனுபவத்தை ஐ.டி. ரெஸ்யூமேயில் எங்கே வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 30. மெக்கானிக்கல் பொறியியல் முடித்துவிட்டு, ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஏழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கு மாற விரும்பி, ஆறு மாதங்கள் வார இறுதிப் பயிற்சிக்குச் சென்று மேனுவல் டெஸ்டிங், இணையதளச் சோதனையைத் தானாகச் செய்விக்கும் செலீனியம் என்ற கருவி, அடிப்படை ஜாவா, தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் ஆகியவற்றைக் கற்றேன். பல நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தும் அழைப்பு வரவில்லை. பழைய அனுபவத்தை நீக்கிவிட்டு ஃபிரெஷராக விண்ணப்பிக்கலாமா? மூன்று ஆண்டுகள் டெஸ்டிங் அனுபவம் இருப்பதாகப் போட்டுக்கொள்ளும்படி பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். அதற்கான சான்றிதழையும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். என்னுடைய ரெஸ்யூமேயை இணைத்திருக்கிறேன். எங்கள் தொழிற்சாலை எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளுக்கு மாறியபோது நான்கு மாதங்கள் தரப் பிரிவின் சார்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துத் தவறுகளை எழுதிக் கொடுத்தேன் என்பதைத் தவிர ஐ.டி. தொடர்பாக எனக்கு வேறு அனுபவம் கிடையாது.
— ஓசூர் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வாக்கியம்தான் உங்கள் ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கங்களில் அது மூன்றாம் பக்கத்தின் அடியில், “எஸ்ஏபி அமலாக்கத்தின்போது ஒத்துழைப்பு வழங்கினேன்” என்ற ஒற்றை வரியாக ஒதுங்கிக் கிடக்கிறது. அந்த நான்கு மாதங்களில் நீங்கள் செய்ததற்கு ஐ.டி. துறையில் பயனர் ஏற்புச் சோதனை, சுருக்கமாக யு.ஏ.டி., என்று பெயர். புதிய மென்பொருள் நடைமுறைக்கு வருவதற்கு முன், அதை அன்றாடம் பயன்படுத்தப்போகிறவர்களே உட்கார்ந்து சரிபார்க்கும் கட்டம் அது. ஆகவே, ஐ.டி. அனுபவமே இல்லாதவர் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்வது சரியல்ல.

இதிலிருந்தே உங்கள் முதல் கேள்விக்கும் விடை கிடைக்கிறது. ஃபிரெஷராக விண்ணப்பிக்க வேண்டாம். பெரிய நிறுவனங்களின் ஃபிரெஷர் தேர்வுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியவை. பட்டம் பெற்ற ஆண்டை எழுதிய மாத்திரத்தில் உங்கள் விண்ணப்பம் கழிந்துவிடும். எழுதாமல் விட்டாலோ, முப்பது வயதுவரை என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி எழும். தேதிகளை மறைத்துத் திறன்களை மட்டும் அடுக்கும் ரெஸ்யூமே அமைப்பு ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் இவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எச்.ஆர். பிரிவினர் நினைப்பார்கள். ஏழு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் நிலைத்திருந்ததை மறைக்க என்ன தேவை இருக்கிறது?

பொய் அனுபவத்தைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். பின்னணிச் சரிபார்ப்பின்போது பி.எஃப். விவரங்களைக் கேட்பது இன்று சாதாரணமாகிவிட்டது. 2014இல் அறிமுகமான, வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என்.னின் கீழ் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகியிருக்கும். மூன்று ஆண்டுகள் டெஸ்டராக இருந்ததாக நீங்கள் காட்டும் அதே காலத்தில் ஓசூர்த் தொழிற்சாலை உங்களுக்காகப் பி.எஃப். செலுத்தியிருப்பது அதில் தெரியும். வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்திலும் வரி பிடித்தவர் யார் என்ற விவரம் இருக்கும். வேலையில் சேர்ந்து சில மாதங்கள் கழித்துச் சரிபார்ப்பு முடிந்து, அதன்பின் வெளியேற்றப்படுவதும் நடக்கிறது. அப்போது பழைய வேலையும் கையில் இருக்காது. சான்றிதழ் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லும் பயிற்சி நிலையம் அந்த நேரத்தில் தொலைபேசியைக்கூட எடுக்காது.

இனி அமைப்பு. ரெஸ்யூமே இரண்டு பக்கங்களைத் தாண்டக் கூடாது. முதல் பக்கத்தின் மேல் பகுதியில் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல், ஊர், லிங்க்ட்இன் முகவரி ஆகியவை போதும். தந்தை பெயர், மதம், திருமண நிலை, பாஸ்போர்ட் எண், புகைப்படம், கடைசியில் வரும் உறுதிமொழி, கையொப்பத்துக்கான கோடு ஆகிய அனைத்தையும் எடுத்துவிடுங்கள். அவை திருமணத் தகவல் நிலையத்துக்கு வேண்டுமானால் உதவும். “சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள” என்று தொடங்கும் நோக்கப் பத்தியும் வேண்டாம். உங்களோடு படித்த அத்தனை பேரும் அதையே எழுதியிருக்கிறார்கள்.

நோக்கம் இருந்த இடத்தில் மூன்று, நான்கு வரிகளில் ஒரு சுருக்கம் வர வேண்டும். ரெஸ்யூமே ஆங்கிலத்தில் இருக்குமென்றாலும் கருத்தைத் தமிழில் தருகிறேன்: “வாகன உதிரிபாகத் துறையில் ஏழு ஆண்டுகள் தரப் பொறியாளர். எஸ்ஏபி தர மேலாண்மைப் பகுதியின் பயனர் ஏற்புச் சோதனையில் நான்கு மாதங்கள் பங்கேற்றவர். மேனுவல் டெஸ்டிங், எஸ்க்யூஎல் தெரியும். செலீனியம் பயிற்சி நிலையில். உற்பத்தி சார்ந்த மென்பொருள்களின் டெஸ்டிங் பணியை நாடுகிறேன்.” ரெஸ்யூமேயைப் படிப்பவர் முதல் சில நொடிகளில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். செலீனியத்தைப் பயிற்சி நிலை என்று ஒப்புக்கொள்வது பலவீனமாகிவிடாதா என்று நீங்கள் தயங்கக்கூடும். நேர்முகத் தேர்வில் ஐந்தாவது கேள்வியிலேயே தெரிந்துவிடப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், உங்களுக்கு உண்மையில் தெரிந்தவற்றின்மீது கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

அடுத்து திறன்கள். உங்கள் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் இருக்கின்றன. பயிற்சி நிலையத்தின் பாடத்திட்டத்தை அப்படியே பெயர்த்து வைத்திருக்கிறீர்கள் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. எந்தக் கருவியைப் பற்றிப் பத்து நிமிடங்கள் உங்களால் பேச முடியுமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் ஐந்துக்கு நான்கு என்று நட்சத்திரம் போட்டிருப்பதையும் நீக்கிவிடுங்கள். அந்த அளவுகோல் யாருடையது என்று எவருக்கும் தெரியாது.

துறை மாறுகிறவர்கள் சொந்தமாகச் செய்த பயிற்சித் திட்டங்களை வேலை அனுபவத்துக்கு மேலே வைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆலோசனை. வங்கியிலோ பள்ளியிலோ பணியாற்றிவிட்டு வருகிறவருக்கு அது பொருந்தலாம். உங்கள் விஷயத்தில் நான் அதை மாற்றிச் சொல்வேன். உங்களிடம் இருக்கும் வலுவான டெஸ்டிங் சான்று வேலைக்குள்ளேயே கிடைத்தது. ஆகவே வேலை அனுபவம் முதலில் வரட்டும். அதற்குள் எஸ்ஏபி சோதனை தனித் துணைத்தலைப்பாக முதலில் வரட்டும். அன்றாடத் தரப் பணிகள் அதன்பின் வரட்டும்.

அந்தத் துணைத்தலைப்பின் கீழ் என்ன எழுதுவது என்பதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். “ஒத்துழைப்பு வழங்கினேன்” என்பதிலிருந்து படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. பொருள் வரவு பதிவானதும் ஆய்வுத் தொகுதி தானாக உருவாகிறதா, சரக்கு ஆய்வு இருப்பில் நிற்கிறதா, அளவீடுகளைப் பதிந்து ஏற்பு அல்லது நிராகரிப்பு முடிவைக் கொடுத்தபின் சரக்கு உரிய இருப்புக்கு நகர்கிறதா என்பதையெல்லாம் நீங்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதை இப்படி எழுதலாம்: “பொருள் வரவிலிருந்து ஆய்வு முடிவுவரையிலான சோதனைச் சூழல்களை (டெஸ்ட் சினாரியோ) தயாரித்து நடத்தினேன், கண்ட பிழைகளை எக்செல் பட்டியலில் பதிந்து அமலாக்கக் குழுவுக்கு அளித்தேன், திருத்தம் வந்தபின் மறுசோதனை செய்தேன்.” இவற்றில் எதை நீங்கள் செய்யவில்லையோ அதை விட்டுவிடுங்கள். எத்தனை பிழைகள், எத்தனை சூழல்கள் என்று நினைவிருந்தால் எண்ணையும் சேருங்கள். அதற்காக அலுவலகக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவருவதோ, ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வாடிக்கையாளர் பெயர்களையும் வெளியே காட்டுவதோ கூடாது. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற பெயர் எடுத்தால் டெஸ்டிங் துறையில் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்றாடப் பணிகளை எழுதும்போது, தரக் கட்டுப்பாட்டுக்கும் டெஸ்டிங்குக்கும் பொதுவானவற்றை முன்னால் வையுங்கள். ஆய்வுத் திட்டம் தயாரித்தது, குறைபாட்டு அறிக்கை எழுதியது, மூல காரணம் கண்டது, திருத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று தொடர்ந்து பார்த்தது, வாகனத் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949க்கான தணிக்கையை எதிர்கொண்டது ஆகியவை ஒரு டெஸ்ட் மேனேஜருக்கு எளிதில் புரியும். மைக்ரோமீட்டர், சிஎம்எம் போன்ற அளவீட்டுக் கருவிகளின் பட்டியலை ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்.

பயிற்சித் திட்டங்களில் இப்போது நீங்கள் காட்டியிருப்பது ஒரு மாதிரிக் கடைத் தளத்தின் உள்நுழைவுப் பக்கத்தைச் செலீனியத்தால் சோதித்தது. அதே தளத்தை அதே வரிசையில் சோதித்த ரெஸ்யூமேக்கள் தேர்வாளரிடம் குவிந்து கிடக்கின்றன. அதற்குப் பதிலாக, மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனத்தின் திறமூல நிறுவன நிர்வாக மென்பொருளான ஈஆர்பிநெக்ஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சரக்கு வரவோடு இணைந்த தர ஆய்வுப் படிவம் இருக்கிறது. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகளைக் கொடுத்தால் அளவீட்டை வைத்து ஏற்பா, நிராகரிப்பா என்று அது முடிவு செய்யும். 25.00 மி.மீ. விட்டத்துக்கு 0.02 மி.மீ. கூட்டல் கழித்தல் அனுமதி என்றால், 24.98, 25.02 ஆகியவற்றை ஏற்க வேண்டும்; 24.97, 25.03 ஆகியவற்றை நிராகரிக்க வேண்டும். 25.021 என்று மூன்று தசம இலக்கம் போட்டால் அதை முழுமைப்படுத்தி ஏற்றுக்கொண்டுவிடுகிறதா? அளவைக் காலியாக விட்டால் என்ன செய்கிறது? கழித்தல் குறியோடு கொடுத்தால்? டெஸ்டிங் பாடத்தில் எல்லை மதிப்புப் பகுப்பாய்வு என்று நீங்கள் படித்தது இதுதான்; ஏழு ஆண்டுகளாகத் தினமும் கையால் செய்துவந்ததும் இதுதான். இருபது, முப்பது டெஸ்ட் கேஸ்களை எழுதி நடத்தி, முடிவுகளோடு கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் வைத்து, அந்த முகவரியை ரெஸ்யூமேயில் கொடுங்கள். உண்மையான பிழை ஏதேனும் அகப்பட்டால், அந்த மென்பொருளின் கிட்ஹப் பக்கத்திலேயே முறைப்படி பதியுங்கள். பொதுவெளியில் இருக்கும் ஒரு நல்ல பிழை அறிக்கையை எந்தப் பயிற்சிச் சான்றிதழும் ஈடுசெய்யாது.

சான்றிதழ் என்றால், சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்கான சர்வதேச அமைப்பான ஐஎஸ்டிக்யூபியின் அடித்தள நிலைத் தேர்வை எழுதலாம். 40 கேள்விகள், 60 நிமிடங்கள். தேர்ச்சிக்கு 26 சரியான விடைகள் வேண்டும். அது மட்டும் வேலை வாங்கித் தராது; ஆனால் துறையின் கலைச்சொற்களை ஒழுங்காகக் கற்றவர் என்று காட்டும். தேர்வில் தேறிய பின்னரே அதை ரெஸ்யூமேயில் சேருங்கள்.

கோப்பின் வடிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் மென்பொருள்தான் பிரித்துப் படிக்கிறது. நீங்கள் பயன்படுத்தியிருக்கும் இரண்டு நெடுவரிசை வடிவமும் கட்டங்களும் அதில் தாறுமாறாகிவிடக்கூடும். சோதித்துப் பார்ப்பது எளிது: பிடிஎஃப் கோப்பைத் திறந்து, அனைத்தையும் நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் நல்லது. உங்களுடையதை ஒட்டிப் பார்த்தேன். கல்லூரியின் பெயர் திறன்களுக்கு நடுவே வந்து விழுந்தது.

இவ்வளவு திருத்தியும், நௌக்ரி போன்ற தளங்கள் வழியாக மட்டும் முயன்றால் உங்களுக்குச் சிரமம்தான். அங்கே தேர்வாளர்கள் மொத்த அனுபவ ஆண்டுகளை வைத்து வடிகட்டுகிறார்கள். ஏழு ஆண்டுகள் என்று போட்டால், ஆரம்ப நிலை டெஸ்டர்களைத் தேடுபவருக்கு நீங்கள் தென்பட மாட்டீர்கள். அனுபவமுள்ள டெஸ்டரைத் தேடுபவருக்கோ தென்பட்டும் பயனில்லை. எண்ணைக் குறைத்துப் போடுவது இதற்கு வழியல்ல. அறிந்தவர் மூலம் ரெஃபரல் பெறுவதே வழி. உங்கள் தொழிற்சாலைக்கு எஸ்ஏபி அமைத்துக் கொடுத்த குழுவினர் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள். அவர்களில் ஒருவருக்காவது இன்றே எழுதுங்கள். பழைய எஸ்ஏபி ஈசிசி பதிப்புக்கான வழக்கமான ஆதரவை 2027 இறுதியோடு முடித்துக்கொள்வதாக எஸ்ஏபி அறிவித்திருப்பதால், பல தொழிற்சாலைகள் புதிய எஸ்4ஹானாவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றிலும் தர மேலாண்மைப் பகுதியைச் சரிபார்க்க, தொழிற்சாலைத் தளத்தை அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வெறும் செலீனியம் டெஸ்டராக ஆயிரம் பேரோடு போட்டியிடுவதைவிட, அந்தப் பக்கம் நுழைவது உங்களுக்கு நெருக்கமான வழி என்பது என் கருத்து. உங்கள் நிறுவனத்திலேயே ஐ.டி. பிரிவு இருந்தால், வெளியே தேடுவதற்கு முன் அங்கே இடமாற்றம் கேட்டுப் பாருங்கள். ஓராண்டு அங்கே இருந்தாலும் உங்கள் பதவிப் பெயர் மாறிவிடும்.

நோட்டீஸ் பீரியட் எத்தனை நாட்கள் என்பதைச் சுருக்கத்தின் அடியிலேயே எழுதிவிடுங்கள். தேர்வாளர் முதல் அழைப்பில் கேட்பது அதைத்தான். சம்பள எதிர்பார்ப்பை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். தொடக்கத்தில் இப்போதைய ஊதியத்துக்கு இணையாகவோ சற்றுக் குறைவாகவோ கிடைக்கக்கூடும் என்பதால், எந்தத் தொகைக்குக் கீழே இறங்க முடியாது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு அழைப்பை எடுங்கள்.