எஞ்சின் போன பழைய காரைச் சரிசெய்வதா, காயலான் கடையில் போடுவதா?

கேள்வியின் சுருக்கம்: அப்பா ஓட்டிய 2009 மாடல் பெட்ரோல் கார், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது. காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூர் வீட்டில் நிற்கிறது. குடும்பம் கோயம்புத்தூரில். பொங்கலுக்கு வந்தபோது ரோட்டில் சூடேறி நின்றுவிட்டது. மெக்கானிக் ‘எஞ்சின் போச்சு, 55,000 ஆகும்’ என்கிறார். காயலான் கடைக்காரர் 24,000 தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

இதே குழப்பத்தில் நானும் ஒரு வாரம் தூக்கம் கெட்டிருக்கிறேன். அதுவும் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே.

எங்களுடையது 2007 வேகன் ஆர். சிங்கப்பூரிலிருந்து வந்த ஆச்சியை (எங்கள் வீட்டில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்) திருச்சி விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்டு தேவகோட்டை திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது தம்பி. திருமயம் கோட்டை தெரிகிற இடத்தில் வெப்பமுள் மேலே ஏறியது. நிறுத்துடா என்றேன். “காரைக்குடி இன்னும் இருபது கிலோமீட்டர்தானே, ஏசியை அணைச்சிட்டு மெதுவாப் போயிரலாம்” என்றான். கானாடுகாத்தான் விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் பானட் இடுக்கிலிருந்து ஆவி, அப்புறம் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. பிறகு பார்த்தால் விரிசல் விட்டிருந்தது தண்ணீர் போகும் ஒரு ரப்பர் ஹோஸ். திருமயத்திலேயே ஓரம் கட்டியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்கு நாங்கள் கொடுத்தது 46,500.

காரைக்குடியில் வண்டியைப் பார்த்த மெக்கானிக் முதல் நாள் எந்தத் தொகையும் சொல்லவில்லை. “தலையைக் கழட்டிப் பாத்துட்டுத்தாண்ணே சொல்ல முடியும்” என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. இன்று யாராவது பானட்டை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு ‘55,000’ என்று சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. உங்கள் மெக்கானிக் ஹெட்டை (எஞ்சின் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம், அவர் சொன்ன ‘தலை’) கழற்றினாரா என்று கேள்வியில் இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

ஏனென்றால் ‘எஞ்சின் போச்சு’ என்பது ‘வயிறு வலிக்குது’ என்பது மாதிரி. அஜீரணமாகவும் இருக்கலாம், ஆபரேஷனாகவும் இருக்கலாம். சூடேறி நின்ற வண்டியில் பெரும்பாலும் முதலில் போவது ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இல்லாமல் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். பயமுறுத்துகிற காட்சிதான். ஆனால் இருப்பதிலேயே இதுதான் குறைந்த செலவில் முடியக்கூடியது. அடுத்தது, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றச் சொல்லுங்கள். சுற்றினால் எஞ்சின் இறுகிப்போகவில்லை. அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது. பிளக் இருந்த துவாரத்தில் கேஜைச் செருகி ஸ்டார்ட்டரை அடிப்பார்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்ட், அதற்கு மேலும் காட்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கும். எல்லாவற்றிலும் குறைவாக இருந்து, கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்ததும் ஏறினால் பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள்சுவர் (போர்) தேய்ந்திருக்கிறது. கீழேயிருந்து கனமாக அடிக்கிற சத்தம் வந்திருந்தால் பேரிங், கிராங்க். அங்கேதான் பில் எகிறும்: கிராங்க் கிரைண்டிங், ஓவர்சைஸ் பிஸ்டன், போரிங் என்று லேத் பட்டறைக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கும் நடையாக நடக்க வேண்டிவரும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்து வெளியே வந்திருந்தால் பேச்சே இல்லை, வேறு எஞ்சின்தான்.

எங்கள் ஹெட்டைக் கழற்றிய அன்று நான் பக்கத்தில் இருந்தேன். கார்பனைச் சுரண்டித் துடைத்துவிட்டு, ஹெட்டின் அடிப்பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்காக வைத்தார். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்தார். ஓரங்களில் நுழையவில்லை, நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. “இந்த 0.05 தகடு உள்ள போகக் கூடாதுண்ணே, இங்க 0.15-ஏ போகுது” என்றார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அலுமினிய ஹெட் சூட்டில் வளைவது இப்படித்தான். ஃபேசிங் போட்டு, அதாவது அந்தப் பரப்பைச் சீவிச் சமப்படுத்தலாம், ஆனால் ஓரளவுக்குத்தான்.

அடுத்து ரேடியேட்டரைத் திறந்தார். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாக உப்புப் படியுமே, அதே படிவு குழாய்களில் பாதியை அடைத்திருந்தது. அப்பச்சி (எங்கள் அப்பா) பன்னிரண்டு வருடமாகக் கொல்லைக் குழாயின் போர் தண்ணீரைச் செம்பில் பிடித்து ஊற்றியவர். “இதுக்கு ஊருணித் தண்ணி ஊத்தியிருந்தாக்கூட எஞ்சின் தப்பிச்சிருக்கும்” என்று மெக்கானிக் சிரித்தார். அப்பச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் வீட்டிலும் போர் தண்ணீர்தான் ஊற்றினீர்கள் என்றால், எஞ்சினைச் சரிசெய்துவிட்டு ரேடியேட்டரை அப்படியே விட்டால் மறுபடியும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்ப ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) தூக்கிப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் சம்மதிக்காதீர்கள்.

சரி, எஞ்சின் கதை இவ்வளவுதான். என் முடிவை எஞ்சின் தீர்மானிக்கவில்லை. காசு போட்டால் எந்த எஞ்சினும் ஓடும். நான் பார்த்தது காருக்குள் காலடியில் கிடக்கும் தரை விரிப்பை.

அதாவது, விரிப்பைத் தூக்கிவிட்டு டிரைவர் காலடியில் இருக்கும் தகரத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். பிறகு கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கிற விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னிக் குழி, பானட்டுக்குள் சஸ்பென்ஷனின் தலை வந்து உட்காரும் இடம். எங்கள் கார் பிறந்ததிலிருந்து செட்டிநாட்டு வெயிலில் காய்ந்தது, கடல் காற்று படாதது. தகரம் கெட்டியாக இருந்தது. அதனால் துணிந்து காசு போட்டேன்.

அம்மான் மகன் கதை தலைகீழ். அவனுடையது சென்னையில் கடற்கரைப் பக்கம் பத்து வருடம் வாசலில் நின்ற கார். டைமிங் பெல்ட் அறுந்து வால்வுகள் வளைந்துவிட்டன. எஞ்சினுக்கு 32,000 செலவு செய்தான். ஓடியது, நன்றாகவே ஓடியது. எட்டு மாதம் கழித்து டயர் மாற்ற ஜாக்கி வைத்தபோது கார் மேலே எழும்பவில்லை, ஜாக்கி தகரத்துக்குள் புகுந்துவிட்டது. புது எஞ்சின் வேலையோடு அப்படியே காயலான் கடைக்குப் போனது. அங்கே எஞ்சின் வேலைக்குத் தனி மரியாதை கிடையாது, எல்லாம் ஒரே எடைதான். உங்கள் காரும் பள்ளத்தூருக்கு வரும் முன்னால் வேறு எங்காவது, குறிப்பாகக் கடலோரத்தில் இருந்ததா என்று யோசியுங்கள்.

அடுத்து நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ். 2009 கார் என்றால் 15 வருடப் பதிவு 2024-லேயே முடிந்திருக்கும். புதுப்பித்தீர்களா? 15 வருடம் ஆனால் காரை உடைத்தே ஆக வேண்டும் என்று டீக்கடையில் சொல்வார்கள். அது டெல்லிக் கதை, பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்று அங்கே வந்த தடை. நம் பக்கம் வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ஆகிவிட்டது. 20 வருடம் தாண்டினால் 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 தனி. பசுமை வரி, இன்சூரன்ஸ் வேறு. ஓடாத வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கவும் முடியாது. ஆகவே மெக்கானிக் சொன்ன 55,000 உண்மையில் 55,000 இல்லை. ஆர்சி காலாவதியாகியிருந்தால் 70,000-ஐத் தாண்டவும் கூடும்.

ஆர்சி யார் பெயரில் என்பதும் முக்கியம். ‘அப்பா ஓட்டிய’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இல்லை என்றால், விற்கவோ உடைக்கவோ முன்னால் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், படிவம் 31. எப்போதோ கட்டி முடித்த பேங்க் கடன் ஆர்சியில் இன்னும் ஏறியே இருக்கும், அதை நீக்கப் படிவம் 35. எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பத்திரமே ஐயா (தாத்தா) காலத்துப் பெயரில்தான் இருக்கிறது, காரைச் சொல்லிக் குற்றமில்லை.

இனி என் கருத்து. நான் சரிசெய்தது எனக்குச் சரி. தேவகோட்டையிலேயே இருக்கிறேன், அப்பச்சியை மாதம் இரண்டு முறை மதுரைக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், வருடம் ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த 46,500-ஐ மூன்று வருடத்தில் வாடகைக் காரோடு ஒப்பிட்டால் எப்போதோ கழிந்துவிட்டது. நீங்கள் பொங்கலுக்கு, திருவிழாவுக்கு, ஒரு கல்யாணத்துக்கு, ஒரு சாந்திக்கு (அறுபதாம் கல்யாணத்துக்கு) வருவீர்கள். மிஞ்சினால் வருடத்தில் பத்து நாள். மீதி நாளெல்லாம் முகப்பில் நிற்கிற காருக்கு பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும், பெட்ரோல் கெட்டுப்போகும். அந்தப் பத்து நாளுக்கு டிரைவரோடு வாடகைக் கார் எடுப்பதுதான் மலிவு. அதனால் ஹெட் கேஸ்கெட் மட்டும்தான், செலவு இருபதாயிரத்துக்குள், ஆர்சியும் உயிரோடு இருக்கிறது என்றால் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் கொடுத்துவிடுங்கள்.

அப்பா ஞாபகம் என்று மனது கேட்காது, தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூணையும் எனாமல் தூக்குச்சட்டியையும் எடைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அதையே பத்து மடங்கு விலையில் பார்த்து வயிறெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பயம் நமக்கெல்லாம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் 2009 பெட்ரோல் கார் தேக்குத் தூண் இல்லை. வருடம் போகப் போக விலை இறங்கத்தான் செய்யும்.

கொடுப்பது என்றால் நேரே காயலான் கடைக்குப் போகாதீர்கள். பாடி நன்றாக இருந்து, பேப்பரும் சரியாக இருந்தால், ஓடாத காரை மெக்கானிக்குகளே வாங்குவார்கள். அவர்களுக்குக் கூலிச் செலவு இல்லை, தாங்களே சரிசெய்து விற்பார்கள். இரண்டு மூன்று பட்டறையில் கேளுங்கள், 24,000-க்கு மேல் கண்டிப்பாக ஒருவராவது சொல்வார். ஆனால் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாறிய பிறகே சாவி. சென்னையில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலிருந்து பழைய எஞ்சின் வாங்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால், பில் இல்லாமல் தொடாதீர்கள். எஞ்சின் எண் மாறினால் அதை ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும்.

உடைப்பதுதான் என்றாகிவிட்டால் முன்பெல்லாம் இரண்டு வழி; 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மத்திய விதிப்படி அரசு அங்கீகார மையம்தான் முறையான வழி. அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது கார் வாங்கும்போது பதிவுக் கட்டணம் இல்லை, சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு மத்திய விதி இடம் கொடுக்கிறது. அடுத்த வருடம் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இதுதான் லாபம். முன்பு காயலான் கடையில் போட்டவர்கள் கண் முன்னால் சேசிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) இருக்கும் தகரத்தை வெட்டி வாங்கிக்கொள்வார்கள். எங்கே உடைத்தாலும் 14 நாளுக்குள் ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து ஆர்சியை ரத்து செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. செய்யாமல் விட்டால், நாளை அந்த நம்பர் பிளேட் வேறு ஏதோ வண்டியில் சுற்றும், போலீஸ் உங்கள் கோவை வீட்டுக் கதவைத் தட்டும்.

எதையும் முடிவு செய்யும் முன்னால் பள்ளத்தூரில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போன் போட்டு, டிப்ஸ்டிக், தரை விரிப்புக்கு அடியில் இருக்கும் தகரம், ஆர்சியின் இரண்டு பக்கம், இந்த மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆர்சியில் உள்ள பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.