“காலையில் தொடங்க வேண்டிய வேலையை இரவில்தான் தொடுகிறேன்... நான் சோம்பேறியா?”

கேள்வி: இரண்டு வருடங்களாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். காலை 9 மணிக்கு லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். மெயில்களுக்குப் பதில் போடுவேன், ஃபைல்களை ஒழுங்குபடுத்துவேன், மீட்டிங்கில் கலந்துகொள்வேன். அன்று முடிக்க வேண்டிய முக்கியமான ரிப்போர்ட்டை மட்டும் தொட மாட்டேன். மாலையானதும் படபடப்பு ஆரம்பிக்கும். இரவு 11 மணிக்கு உட்கார்ந்து அரைகுறையாக முடிப்பேன். மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. அலுவலகம் போன காலத்தில் இப்படி இருந்ததில்லை. இது சோம்பலா, வேறு ஏதாவதா?

பதில்: சோம்பேறிக்கு வயிற்றைப் பிசையாது. வேலையைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார். நீங்களோ அந்த ரிப்போர்ட்டை நாள் முழுக்க மனதில் சுமந்துகொண்டே மற்ற எல்லா வேலைகளையும் செய்கிறீர்கள். அதனால் அந்தப் பட்டத்தை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடப்பது இதுதான். ரிப்போர்ட்டைத் திறக்க நினைத்ததும் ஒரு சங்கடம் எழுகிறது. சரியாக வருமா, குறை சொல்வார்களா, எங்கே தொடங்குவது என்று ஏதோ ஒன்று. அதை ஒதுக்கிவிட்டு மெயில் பக்கம் போனதும் அந்தச் சங்கடம் சட்டென்று அடங்குகிறது. சிக்கலே இந்த நிம்மதியில்தான் இருக்கிறது. விலகினால் நிம்மதி கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த நாள் இன்னும் சீக்கிரமாக விலகச் சொல்கிறது. தள்ளிப்போடுதலைப் பல வருடங்கள் ஆராய்ந்த கனடா உளவியலாளர் டிமோதி பிச்சில் போன்றவர்கள் இதை நேர நிர்வாகக் கோளாறாகப் பார்ப்பதில்லை; உணர்வைச் சமாளிப்பதில் வரும் சிக்கலாகவே பார்க்கிறார்கள். புதிது புதிதாக அட்டவணை போட்டும் பலருக்குப் பலன் கிடைக்காததற்கு இது ஒரு காரணம். (நல்ல ‘டு-டூ’ ஆப் எது என்று தேடுவதிலேயே பாதி நாளைக் கழிப்பவர்களும் உண்டு. அதுவும் தள்ளிப்போடுவதுதான், கொஞ்சம் கௌரவமான வடிவத்தில்.)

அலுவலகத்தில் இது ஏன் வரவில்லை? அங்கே இந்தச் சுழலை உடைக்க ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் ‘என்ன, முடிஞ்சுதா?’ என்று கேட்பார். பாதி எழுதியதைத் திரும்பிக் காட்டி, ‘இப்படிப் போனால் சரியா?’ என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். மேனேஜர் கடந்து போகும்போது அவர் முகத்தைப் பார்த்தே கோபமா, சாதாரணமா என்று தெரிந்துவிடும். வீட்டில் இது எதுவும் இல்லை. ‘ஃப்ரீயானதும் கூப்பிடுங்கள்’ என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். அதற்குக் குரலும் கிடையாது, முகமும் கிடையாது. அந்த வெற்றிடத்தைப் பதற்றமுள்ள மனம் மோசமான கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. போதாததற்கு, வீட்டில் வேலைநாள் எப்போது முடிகிறது என்பதே தெளிவில்லை. ‘ராத்திரி இருக்கிறதே’ என்ற எண்ணம் இருக்கும்வரை காலைக்கு அவசரமே வராது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், ‘படபடப்பு அடங்கட்டும், அப்புறம் தொடங்கலாம்’ என்று காத்திருப்பதை விடுங்கள். பெரும்பாலும் வரிசை தலைகீழாகத்தான் நடக்கும்: தொடங்கிய பிறகுதான் அது மெல்லக் குறையும். படபடப்போடே தொடங்கலாம். ஆனால், அதற்குத் தொடக்கம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ‘இன்று ரிப்போர்ட்டை முடிப்பேன்’ என்பது பயமுறுத்தும். ‘காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும், மெயிலைத் திறக்கும் முன், ரிப்போர்ட் ஃபைலில் தலைப்புகளை மட்டும் எழுதுவேன்’ என்பது செய்யக்கூடியது. இப்படி ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது, வெறும் உறுதிமொழியைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்தே பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். முந்தைய நாள் மாலையே அந்த ஃபைலைத் திரையில் திறந்துவைத்துவிட்டு எழுந்தால் இன்னும் எளிது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்ற பொமடோரோ முறையையும் முயலலாம். 25 அதிகமாகத் தெரிந்தால் 10 நிமிடம் வையுங்கள். அந்த எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை.

முதல் வரைவு மோசமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

இன்னொன்றை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்: மேனேஜரிடம் நீங்களாகவே முதலில் பேசுவது. பதற்றமுள்ளவர்கள் வேலை முழுதாக முடியும்வரை வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த மௌனம் நீள நீள, அவரிடமிருந்து வரும் ஒவ்வொரு மெசேஜும் விசாரணை மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். மதியத்துக்குள் ஒரு வரி அனுப்புங்கள்: ‘பாதி வரைவு தயார், போகிற திசை சரியா என்று பாருங்கள். முழுதாக நாளை காலை 11 மணிக்குத் தருகிறேன்.’ தாமதமாகும் என்றால் டெட்லைனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நம்பிக்கையான சக ஊழியர் யாராவது இருந்தால், வீடியோ காலை ஆன் செய்துவிட்டு இருவரும் பேசாமல் அவரவர் வேலையை ஒரு மணி நேரம் செய்து பாருங்கள். கேட்க விநோதமாக இருக்கும்; இன்னொருவர் இருக்கிறார் என்பதே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஒரு நாள் சறுக்கினால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். மனசு ஆறட்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. 2010-ல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டால் அந்த வேலையோடு இன்னொரு கசப்பு ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் அதைத் தொடுவது மேலும் கடினமாகிறது.

இரவு 11 மணி வேலையை ஒரே நாளில் நிறுத்த முடியாது. முதல் வாரம் 10 மணிக்கு லேப்டாப்பை மூடுங்கள், அப்புறம் 9. மூடும் முன் நாளைய முதல் வேலையை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். முடியாத வேலைக்கு ஒரு தெளிவான திட்டம் இருந்தாலே அது மனதை அரிப்பது குறையும். மாலையில் குடிக்கும் காபியையும் கவனியுங்கள்; காஃபின் படபடப்பைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும்.

இவற்றைச் சில வாரங்கள் செய்தும் மாற்றமில்லை, தூக்கம் கெடுகிறது, வேலை தவிர மற்ற விஷயங்களிலும் கவலை ஓயவில்லை, அல்லது திடீரென மூச்சு முட்டி நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். தாங்கவே முடியாத அளவுக்கு மனம் தளர்ந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். பதற்றத்துக்கு ‘சிபிடி’ என்னும் பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். கவனம் சிதறுவதும் தள்ளிப்போடுவதும் பள்ளி நாட்களிலிருந்தே இருந்தவை என்றால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போவதற்கு முன் ஒரு வாரம், எந்த வேலையைத் தள்ளிப்போட்டீர்கள், அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதிவைத்து அந்தத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.