ஊரிலேயே இருந்துவிட்ட வங்கிக்காரர்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தை 1978ஆம் ஆண்டு நாட்டுடைமை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பணிக்காலம் முழுவதையும் காவேரிப்பட்டணத்திலும் சுற்றுப்புறக் கிளைகளிலுமே கழித்து, 2013இல் தலைமைக் காசாளராக ஓய்வு பெற்றார். சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் அச்சிட்டு உறவினருக்கும் ஊராருக்கும் கொடுக்க விரும்புகிறோம். எழுத உட்கார்ந்தால் நான்கு வரிக்கு மேல் நகரவில்லை. அவர் பதவி உயர்வுத் தேர்வு எழுதியதே இல்லை. விருது எதுவும் வாங்கியதில்லை. “35 வருஷம் ஒரே நாற்காலி, அதில் எழுத என்னம்மா இருக்கிறது?” என்கிறார் சித்தப்பா. எதை எழுதுவது?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் சித்தப்பா கேட்டதிலிருந்தே தொடங்குங்கள். 35 ஆண்டுகள் ஒருவர் ஏன் ஒரே நாற்காலியில் இருந்தார்? நாட்டுடைமை வங்கியில் எழுத்தராக இருப்பவர் அதிகாரியாக உயர்ந்தால், நாட்டின் எந்த மூலைக்கு மாற்றினாலும் போக வேண்டும். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் வயதான பெற்றோர், படிக்கும் தம்பி தங்கைகள், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலம் என்றிருந்த பலர், தெரிந்தே அந்த உயர்வை வேண்டாம் என்று விட்டார்கள். அதனால் அவர்கள் இழந்தது சிறிதன்று. மாதச் சம்பளம் குறைந்தது மட்டுமல்ல. வங்கி ஓய்வூதியம் கடைசிப் பத்து மாதச் சராசரி ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், ஓய்வுக்குப் பின்னும் அந்தக் குறைவு கூடவே வந்தது. இன்று உங்கள் அம்மா வாங்கும் குடும்ப ஓய்வூதியத்திலும் அது இருக்கிறது. அந்த ஆண்டுகளில் வீட்டில் யார் நோயில் கிடந்தார், யாருடைய படிப்பு அவர் சம்பளத்தில் நடந்தது, யாருடைய திருமணக் கடன் அவர் தலையில் இருந்தது என்பதை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சித்தப்பாவிடமும் கேளுங்கள். அவரிடமே பாதி பதில் இருக்கக்கூடும்.

அடுத்து, தலைமைக் காசாளரின் வேலை என்ன என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதுங்கள். ஏனென்றால் அலைபேசியில் பணம் அனுப்பிப் பழகிய தலைமுறைக்கு அது தெரிய வழியில்லை. வங்கியின் பணப் பெட்டகம் இருவர் பொறுப்பில் இருப்பது. ஒரு சாவி மேலாளரிடமும் மறு சாவி காசாளரிடமும் இருக்கும். இரண்டும் சேராமல் அது திறக்காது. காலையில் அவர் போய்ச் சேராவிட்டால் அன்று கிளையில் பணம் பட்டுவாடா ஆகாது. விடுப்பு வேண்டுமென்றால் கையிருப்பை எண்ணிக் காட்டி, பதிவேட்டில் கையொப்பமிட்டு, சாவியை இன்னொருவரிடம் ஒப்படைத்த பிறகே வீட்டுக்கு வர முடியும். நெருங்கிய உறவில் கல்யாணம் என்றாலும், தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் அவர் கிளம்பிய நாள்கள் இருந்திருக்கும். அதில் சொந்தக்காரர்களுக்கு மனத்தாங்கலும் இருந்திருக்கும். மாலையில் எண்ணிய பணம் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால், குறைந்ததைக் காசாளர் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்படி ஒரு நாள் அவர் முகம் வாடி வீடு திரும்பியது உங்களுக்கு நினைவிருந்தால், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நோட்டுக் கட்டுகளைக் கம்பி ஊசியால் தைக்கும் வழக்கம், 2001இல் ரிசர்வ் வங்கி அதை நிறுத்தச் சொல்லும்வரை இருந்தது. அந்தக் கம்பிகளைப் பிரித்துப் பிரித்தே பழைய காசாளர்களின் கட்டைவிரல் நுனி காய்த்துப்போயிருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போன மகள் நீங்கள். மலரில் அது இடம்பெற வேண்டாமா?

இனி ஊர். 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையான பின்புதான் சிற்றூர்களில் கிளைகள் பெருகின. உங்கள் தந்தை அந்தக் காலத்துப் பணியாளர். நம் பக்கத்து வங்கியில் பணம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. பெங்களூரா மாங்காய் கூழ்த் தொழிற்சாலைகளுக்கு லோடு லோடாகப் போகும் வைகாசி, ஆனி மாதங்களில் தோட்டக்காரர், குத்தகைக்காரர், மண்டிக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் அதே முகங்கள் நகைப் பையோடு வரும். யாருக்கு எந்த மாதம் கை வறண்டுபோகும் என்று பெயரைக் கேட்டதுமே சொல்லக்கூடிய ஒருவர் கிளையில் நிலையாக இருப்பது, மாறி மாறி வரும் மேலாளர்களுக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை அவருடன் பணியாற்றியவர்கள் சொல்வார்கள்.

1980களில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின்கீழ் கறவை மாட்டுக் கடன் வாங்கியவர்களையும் தேடிப் பாருங்கள். கடனில் வாங்கிய மாடு செத்துவிட்டால், அதன் காதில் போட்டிருந்த வில்லையை எடுத்து, கால்நடை மருத்துவரின் சான்றோடு கொடுத்தால்தான் காப்பீட்டுத் தொகை வரும். வில்லையோடு மாட்டைப் புதைத்துவிட்டால் தொகை போய்விடும், கடன் மட்டும் நிற்கும். இது தெரியாத வீட்டுக்கு, புதைப்பதற்கு முன்பே ஆள் அனுப்பிச் சொன்ன வங்கி ஊழியர்கள் இருந்தார்கள். அதுபோலவே, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல் முதன்முதலாகத் தொடங்கியது, கிருஷ்ணகிரியும் உள்ளடங்கியிருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். வங்கி வாசலையே மிதித்தறியாத பெண்கள் குழுச் சேமிப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தபோது, எரிந்து விழாமல் செலான் நிரப்பிக் கொடுத்து, கைநாட்டு வைத்தவரைக் கையெழுத்துக்குப் பழக்கிய காசாளர்களில் உங்கள் தந்தையும் ஒருவரா என்பதை, மூத்த குழுத் தலைவியரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். ‘பண்பின் சிகரம்’ போன்ற அடைமொழிகள் பத்து எழுதுவதைவிட, அவர்களில் ஒருவர் சொல்வதை அவர் வாய்மொழியிலேயே அச்சிடுவது மலருக்குச் சிறப்பு.

ஓர் எச்சரிக்கை மட்டும். யாருடைய நகை எப்போது அடகில் இருந்தது, யாருடைய கடன் தவணை தவறியது என்பவற்றைப் பெயரோடு எழுத வேண்டாம். வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடாமல் காப்பது, வங்கிகளை நாட்டுடைமையாக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டமே ஊழியர்மேல் வைத்த கடமை. எதிர்வீட்டுக்காரர் கணக்கைப் பற்றி உங்கள் அம்மாவிடம்கூட வாய் திறக்காமல் இருந்திருப்பார் அவர். வாடிக்கையாளர்கள் தாங்களாகவே முன்வந்து எழுதிக் கொடுத்தால் நன்றியோடு வாங்கி வெளியிடுங்கள்.

கேள்வி: தமிழ்நாடு கிராம வங்கியில் அலுவலக உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். சொந்த ஊருக்கு அருகிலேயே பணி. பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரும் கடனுக்கும் ஜாமீனுக்கும் வருகிறார்கள். மறுத்தால் “வேலை கிடைத்ததும் மாறிவிட்டான்” என்கிறார்கள். தூரத்து ஊருக்கு மாற்றல் கேட்டுவிடலாமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: தம்பி, அவசரப்பட்டு மாற்றல் கேட்க வேண்டாம். 1975இல் அவசரச் சட்டத்தின் மூலம் கிராம வங்கிகளைத் தொடங்கியபோதே, உள்ளூர் நிலவரம் அறிந்தவர்கள் அவற்றில் இருக்க வேண்டும் என்பது நோக்கமாக இருந்தது. நம் பகுதியில் அதியமான் கிராம வங்கியாக இருந்து, 2006இல் பல்லவன் கிராம வங்கியில் சேர்ந்து, 2019 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாடு கிராம வங்கி ஆகியிருக்கும் உங்கள் நிறுவனத்துக்கு உங்களைப் போன்றவர்கள் ஊரிலேயே இருப்பதுதான் பலம்.

உறவினரின் விண்ணப்பம் வந்தால், இவர் எனக்கு இன்ன முறை என்று மேலாளரிடம் முதலிலேயே எழுத்தில் தெரிவித்துவிட்டு, அந்தக் கோப்பை வேறொருவர் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் எவருக்கும் வேண்டாம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒன்றே. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. உங்கள் பணி விதிகள் இதில் என்ன சொல்கின்றன என்பதையும் மேலாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமாவிடம் மறுத்துப் பேசும்போது அது கைகொடுக்கும்.

மறுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மாமா வெளியில் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால், அது ஆண்டுக்கு 36 விழுக்காடு. அரசின் வட்டி மானியத் திட்டத்தில் மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு. காலத்தில் கட்டினால் 4 விழுக்காடுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய், இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டி, சிட்டா, அடங்கல், ஆதார் நகல்களை நீங்களே அடுக்கிக் கொடுத்து, மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேலாளரைப் பார்க்க வரச் சொல்லுங்கள்.