முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை: கணினியில் வரைந்து பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் வீடு. 8 அடிக்கு 6 அடி முற்றத்தைக் கண்ணாடியால் மூட எண்ணம். வீட்டு வரைபடம் போடும் ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளில் வரைகிறேன். எந்த ஜன்னலை எடுத்து வைத்தாலும் சீலிங்கில் துளை விழவில்லை. விலை கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு வீட்டுக்கு இந்த இலவச மென்பொருளே போதும். அதில் கதவும் ஜன்னலும் சுவரை மட்டும்தான் வெட்டும், சீலிங்கை வெட்டாது. அதனால் துளையை அறைகளை வைத்துத்தான் உருவாக்க வேண்டும்.

பலரும் தவறுவது இங்கேதான். கூடம் முழுவதையும் ஒரே அறையாக வரைவார்கள். அதன் மேல் முற்றத்தைச் சின்ன அறையாக வரைந்து அதன் சீலிங்கைக் காட்டும் டிக்கை நீக்குவார்கள். அடியில் இருக்கும் பெரிய அறையின் சீலிங் அப்படியே இருப்பதால் துளை தெரியாது. கூடத்தை எதிரெதிராகப் பொருந்தும் இரண்டு ‘ப’ வடிவ அறைகளாக வரையுங்கள். நடுவில் விடும் 244 × 183 செ.மீ. இடத்தில் முற்றத்தைத் தனி அறையாக வரைந்து, அதற்கு மட்டும் சீலிங் டிக்கை எடுங்கள். சரிபார்க்க, வீட்டுக்குள் நடந்து பார்க்கும் பார்வைக்கு மாறுங்கள். சீலிங் கீழிருந்து மட்டுமே தெரியும் என்பதால், மேலிருந்து பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அடுத்து மொட்டை மாடிக்கு ஒரு புதிய லெவல், அதாவது மென்பொருளில் இன்னொரு தளம், சேருங்கள். கீழ்த்தளத்தின் உயரம் 305 செ.மீ., தளத்தின் கனம் 15 செ.மீ. என்றால் புதிய லெவல் 320-இல் தொடங்கும். அங்கும் அதே இரண்டு ‘ப’ வடிவங்களை வரையுங்கள். அதைச் செய்யாவிட்டால் மாடியின் தரை வந்து துளையை மூடிவிடும்.

துளையைச் சுற்றி நான்கரை அங்குலக் கட்டைச் சுவர் வேண்டும், அதாவது 11.5 செ.மீ. இது இல்லாமல் தளத்தின் மேல் நேரடியாகக் கண்ணாடி பதித்தால், மாடியில் தேங்கும் மழைநீர் விளிம்பு வழியே இறங்கும். சிலிக்கான் பூசியும் அதை நெடுநாள் தடுக்க முடியாது. சாய்வு 10 டிகிரி வைத்துக்கொள்வோம். தாழ்ந்த பக்கச் சுவரின் உயரம் 23 செ.மீ. சுவர்களின் நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 194.5 செ.மீ. என்பதால் எதிர்ப்பக்கம் 34 செ.மீ. ஏறி 57 ஆகும். பக்கச் சுவர் இரண்டையும் தாழ்ந்த பக்கத்திலிருந்து வரைந்து, ‘சாய்வுச் சுவர்’ வசதியில் தொடக்க உயரம் 23, முடிவு உயரம் 57 என்று கொடுங்கள்.

57 செ.மீ. சுவரில் 20 செ.மீ. உயர லூவர் (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுப்போக்கி) ஒன்றை வையுங்கள். இது சுவர் என்பதால் மென்பொருள் தானே வெட்டிக்கொள்ளும். நிஜ வீட்டிலும் இதைத் தவிர்க்காதீர்கள். திறந்த முற்றம் வழியே வெளியேறிய சூடான காற்றுக்குக் கண்ணாடி போட்டபின் வேறு வழி இருக்காது. லூவர் இருக்கும் பக்கத்தை வடகிழக்குப் பருவமழையின் சாரல் நேரே அடிக்காத திசையில் அமையுங்கள்.

கண்ணாடிக்குப் பெட்டி வடிவப் பொருளை எடுங்கள். சுவர்களையும் மூடி ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. வெளியே நீளும்படி அகலம் 277, சாய்வில் ஆழம் 219, உயரம் 1.4 செ.மீ., கிடைமட்டச் சுழற்சி 10 டிகிரி. வெளிர் பச்சையில் பாதிக்கு மேல் ஒளி ஊடுருவும் பி.என்.ஜி. படம் ஒன்றைத் தயாரித்து மேற்பரப்பாகக் கொடுத்தால் கண்ணாடி போலத் தெரியும். வெறும் நிறம் கொடுத்தால் பலகை போல்தான் இருக்கும்.

கேள்வி: மதியம் எவ்வளவு வெயில் விழும் என்று படத்தில் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மென்பொருளின் திசைகாட்டியில் கும்பகோணத்தின் அட்சரேகை 10.96, தீர்க்கரேகை 79.38, இந்திய நேரம், வீட்டின் வடக்கு ஆகியவற்றைக் கொடுங்கள். வடக்கு தவறினால் மற்ற எல்லாமே தவறும். ஃபோட்டோ எடுக்கும்போது தரம் மேல் இரண்டு நிலைகளில் ஒன்றாக இருக்கட்டும். சீலிங் விளக்கு சேர்க்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கும்பகோணத்தில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் 18, பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு ஒரு படம், டிசம்பர் 21 அதே நேரத்துக்கு ஒரு படம். வெயில் கட்டம் தரையில் எங்கே விழுகிறது என்பதை இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். படம் இருண்டு வந்தால் கண்ணாடியை மறைத்து இன்னொரு முறை எடுங்கள். படம் காட்டுவது வெளிச்சத்தை மட்டுமே. வெப்பத்தை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: இந்த வரைபடத்தை வைத்தே கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கலாமா?

பதில்: விலை கேட்கலாம், ஆர்டர் கொடுக்கக் கூடாது. பிளானில் 216 செ.மீ. தெரிவது சாய்வில் 219 ஆகிறது. டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடியை, பின்னால் அறுக்கவோ துளைக்கவோ முடியாது. 1 செ.மீ. தவறினாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். சுவர் கட்டிப் பூசி முடிந்தபின், மூலைவிட்டம் இரண்டையும் சேர்த்து அளந்து கொடுங்கள்.

தலைக்கு மேல் போடும் கண்ணாடி டஃபன்டு மட்டும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உடைந்தால் துண்டுகளாகக் கீழே கொட்டும். லாமினேட்டட், அதாவது இரண்டு கண்ணாடிகளைப் படலம் வைத்து ஒட்டியது, என்றால் நடுவில் இருக்கும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். 6 + 1.52 + 6 மி.மீ. (கண்ணாடி, படலம், கண்ணாடி) டஃபன்டு லாமினேட்டட் என்று மதிப்பீட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 2553-இன் முத்திரை கண்ணாடியிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எடையையும் கணக்கிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ. உங்கள் 6.07 சதுர மீட்டர் கூரைக்குப் படலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 190 கிலோ வரும். மூன்று பலகையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 63 கிலோ சுமார். இந்த எடையோடு காற்றழுத்தத்தையும் கணக்கில் சேர்த்து, கண்ணாடியைத் தாங்கும் சட்டத்தின் கனத்தையும் கண்ணாடியின் கனத்தையும் கட்டடப் பொறியாளர் பார்த்து உறுதி செய்யட்டும்.