அந்தக் கோடு கோடு டிஷர்ட்டைப் பத்தி நாலு பக்கம் எழுதுறது எப்படி?

கேள்வி: நான் விஸ்காம் ரெண்டாவது வருஷம். ஒரு மியூசிக் ஆல்பம் கவரோட டிசைனை அலசி நாலு பக்கம் எழுதணும். ஜாய் டிவிஷன்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டோட ‘அன்நோன் பிளஷர்ஸ்’ எடுத்திருக்கேன், கறுப்பு டிஷர்ட்ல வெள்ளைக் கோடா மலை மாதிரி இருக்குமே அதுதான். ‘சிம்பிளா இருக்கு, கறுப்பு சோகத்தைக் காட்டுது’ன்னு எழுதினேன், அதுக்கு மேல ஒண்ணும் ஓடல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: மொதல்ல அந்த ‘கறுப்புன்னா சோகம்’ வரியை அடிச்சிடுங்க. நான் திருத்துற பேப்பர்ல பாதிக்கு மேல அது இருக்கும், அப்படிப் பார்த்தா மாலை போட்ட ஐயப்ப சாமிங்க எல்லாரும் சோகமா இருக்காங்கன்னு எழுத வேண்டியதுதான்.

அர்த்தம் என்னன்னு தேடாதீங்க, டிசைனர் என்ன முடிவு எடுத்தார், வேற எப்படிப் பண்ணியிருக்கலாம், அதைப் பாருங்க. இந்தக் கவர்ல அது இன்னும் சுவாரஸ்யம், ஏன்னா டிசைனர் பீட்டர் சாவில் இதுல ஒரு கோடுகூட வரையல. 1967ல கேம்பிரிட்ஜ்ல ஜோசலின் பெல் கண்டுபிடிச்ச மொத பல்சார் இருக்கே, சுத்திக்கிட்டே விட்டு விட்டு ரேடியோ அலை அனுப்புற செத்த நட்சத்திரம், அதோட சிக்னலை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கின கிராஃப்தான் அது. ஹெரால்ட் கிராஃப்ட்ங்கிற ஆராய்ச்சி மாணவர் 1970ல தன் தீசிஸ்ல போட்டது, அப்புறம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துல அச்சாகி, பேண்டு பசங்க கண்ணுல பட்டு, 1979ல சாவில் கைக்கு வந்துச்சு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சுமார் 1.34 செகண்டு, மொத்தம் 80 கோடு, ஆக ரெண்டு நிமிஷம்கூட ஆகாத சமாச்சாரம். பாட்டோட சவுண்ட் வேவ்னு தயவுசெஞ்சு எழுதிடாதீங்க, நிறைய பேர் அங்கதான் சறுக்குறாங்க.

சரி, சாவில் என்னதான் பண்ணார்? மூலப் படம் வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடு, அதைத் திருப்பிப் போட்டார். உங்க போன்ல கலர் இன்வர்ட் பண்ணிப் பாருங்க, உடனே ஃபிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு மாதிரி ஆயிடும், மறுபடி கறுப்பாக்கினா அதே கோடு இருட்டுல தொங்குது. அப்புறம் சைஸ். 12 இன்ச் இசைத்தட்டு அட்டையில படத்தைச் சின்னதா நடுவுல வச்சுட்டு சுத்தி காலியா விட்டிருக்கார், ஸ்கேல் வச்சு அளந்து எழுதுங்க. முன்னாடி பேண்டு பேரும் இல்ல ஆல்பம் பேரும் இல்ல, அதுவும் ஒரு பேண்டோட மொத ஆல்பத்துல! அட்டை வழவழன்னு இல்லாம சொரசொரப்பா இருக்கும், போன்ல பார்த்து எழுதுறவங்களுக்கு இது சிக்கவே சிக்காது. உள்உறை அதுக்கு நேர் எதிரா வெள்ளை.

இப்ப படத்துக்குள்ள போங்க, ஒரு முழுப் பக்கம் இதுக்கே ஒதுக்கலாம். ரெண்டு ஓரத்துலயும் கோடுங்க கிட்டத்தட்ட சமமா, நோட்டுல ரூல் போட்ட மாதிரி ஓடுது, நடுவுக்கு வந்ததும் ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்குத் துள்ளுது, ஒண்ணுக்கு ஒரு முகடு, இன்னொண்ணுக்கு ரெண்டு, ஒரே மாதிரி ரெண்டு கோடு கிடைக்காது. முன்னாடி கோட்டோட முகடு பின்னாடி கோட்டை மறைக்குது பாருங்க, அந்த மறைப்பு ஒண்ணாலதான் தட்டையான கிராஃப் நம்ம கண்ணுக்கு மலையாத் தெரியுது. ஒரு துண்டுப் பேப்பரால நடுப்பகுதியை மூடிப் பாருங்க, மலை காணாமப் போயிடும்.

பாட்டையும் கேட்டுட்டு எழுதுங்க. எனக்கு டிரம்ஸ் அந்த ஓரத்துக் கோடு மாதிரி இறுக்கமாவும், பாடகர் இயன் கர்ட்டிஸ் குரல் நடுவுல இருக்கிற ஆட்டம் மாதிரியும் கேக்கும், உங்களுக்கு வேற மாதிரி கேட்டா அதையே எழுதுங்க, ஆனா எந்த இடத்துலன்னு சொல்லணும்.

கடைசிப் பக்கத்துக்கு உங்க டிஷர்ட்டே போதும். அதுல படத்தை நெஞ்சு முழுக்கப் பெருசாக்கியிருப்பாங்க, சிலதுல மேல பேண்டு பேரும் இருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து ஒரிஜினல் கவர் பக்கத்துல ஒட்டுங்க, சாவில் வேணாம்னு விட்டது எல்லாம் அதுல திரும்பி வந்திருக்கும்.