20 பார் என்ற எண்ணைப் பார்த்து எஸ்பிரெசோ இயந்திரம் வாங்க வேண்டாம்

எஸ்பிரெசோ (வெந்நீரை அழுத்தத்தோடு தூளின் ஊடே செலுத்திப் போடும் காபி) இயந்திரம் வாங்கும்போது 15 பார் இயந்திரமா, 20 பார் இயந்திரமா என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை; பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. எஸ்பிரெசோ இறங்கும்போது காபித்தூளின் மீது இருக்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ 9 பார்தான், பெட்டியில் அச்சிட்டிருப்பது பம்ப் தரக்கூடிய உச்ச அளவு மட்டுமே. இரண்டில் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தில் காபிக்கொட்டை அரைக்கும் நல்ல கிரைண்டர் ஒன்றை வாங்குங்கள்.

இப்போது உங்களிடம் உள்ள இயந்திரத்தில் காபி நீர்த்து, புளிப்பாக வந்தால், அதற்கு நீங்கள் கடையில் அரைத்து வாங்கும் ஃபில்டர் தூளே காரணமாக இருக்கக்கூடும். தூள் பருவெட்டாக இருந்தால் வெந்நீர் தடையின்றி ஓடிவிடும். தடை இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய பம்ப்பாலும் அழுத்தத்தை உண்டாக்க முடியாது.

வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: இயந்திரத்தில் தூள் போடுவதற்கான, 18 கிராம் கொள்ளும் கூடையில் தூளை நிரப்பி, கோப்பையைத் தராசின் மீது வைத்து, 36 கிராம் இறங்க ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். 25 முதல் 30 விநாடி ஆக வேண்டும். 15 விநாடிக்குள் முடிந்துவிட்டால் தூள் இன்னும் நைசாக வேண்டும். கூடையின் அடியில் ஒரே ஒரு நுண்துளை மட்டும் இருந்தால், தடையை அந்தத் துளையே உண்டாக்குவதால், இச்சோதனை பொருந்தாது.

வீட்டில் நால்வருக்கு அடுத்தடுத்துப் பால் காபி போடுவதானால் மட்டும் ஒற்றை பாய்லர் இயந்திரம் (காபி இறக்கவும் பாலை ஆவியில் சூடாக்கவும் ஒரே கொதிகலன் உள்ளது) உங்களைக் காக்க வைக்கும்.